பலூன் மேடம்

அவர் என் ஜீப்பில் ஏறிய முதல் நாளே, என் வண்டியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லி என் மனதைப் புண்படுத்திவிட்டார்.

எங்கள் மலையில், ஒண்டிக்கடை முக்கில் வண்டியைப் போட்டுவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, முதுகில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய கம்பளி என்று ஒரு பெண் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். "ஏனுங்க, கொட்டச்சேடு வருமுங்களா?" என்று கேட்ட விதத்திலேயே சேலத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. வருமுங்க என்றேன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூக்குக்கு நேராக இரண்டு கையையும் வைத்து ஒரே ஒரு தடவை கைதட்டினார். கண்ணை மூடி ஏதோ கேட்டார்.

"டெட்டுங்க. உங்க வண்டி சுத்தமா டெட்டு."

நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டேன். "போன மாசந்தானுங்க மேடம் எஃப்.சி. முடிச்சேன். கிளட்ச் புதுசு. பிரேக்கு புதுசு. இந்த மலையில எந்த ஜீப்பு வேணும்னாலும் செத்துப்போவும், இது போவாதுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு ஒரு தினுசு. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், பிறகு திடீரென்று வெளியே கொட்டும். "வண்டிய சொல்லலீங்க! சத்தம் விழுந்த எடத்துலயே செத்துப்போவுதுன்னு சொன்னேன். மேல தார்ப்பாயி, கீழ பஞ்சு சீட்டு, நடுவுல உங்க ஸ்வெட்டரு. எல்லாஞ் சேந்து உறிஞ்சிக்கிது. நொம்ப நல்ல விஷயமுங்க அது."

கொட்டச்சேடு போய்ச் சேர்வதற்குள் வழியில் பதினோரு இடத்தில் அப்படிக் கைதட்டியிருப்பார். நிழற்குடையில் இறங்கி ஒரு தட்டு. சிமெண்ட் குழாய் அடுக்கி வைத்திருந்த இடத்தில் குனிந்து, குழாய்க்குள் தலையை விட்டு ஒரு தட்டு. எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, "மாப்ள, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று என்னிடம் கேட்டான்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டுவார். மலையில் எல்லோருக்கும் அவர் பலூன் மேடம்தான்.

அவர் வேலை மிக்சிங். பாட்டில் உள்ள சத்தங்களையெல்லாம் சேர்த்துக் கலக்குவது. "பாடறவங்க திங்கக்கிழம வந்து பாடுவாங்க. தபேலா புதங்கிழம. வயலின் வேற ஊர்ல இருந்து அனுப்புவாங்க. எல்லாரும் ஒரே எடத்துல ஒக்காந்து ஒண்ணா வாசிச்ச மாதிரி பொய் சொல்றதுதானுங்க என்ற பொழப்பு," என்பார். அந்தப் பொய்க்கு அவர் வைத்திருந்த சாமான் ரிவர்ப். நான் அதை எக்கோ என்று சொல்லிவிட்டால் போதும், கோபம் வந்துவிடும். "மல உங்க பேர முழுசா திருப்பிச் சொன்னா அது எக்கோ. சர்ச்சுல யாராச்சும் இருமினா, அந்த இருமல் வெளிய போவ மனசில்லாம கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்குதுல்ல? அது ரிவர்ப்."

பாடுகிறவரை அப்படியே காய்ந்த குரலில் விட்டால் காதோடு காதாக ஒட்டிக்கொண்டு நிற்பார். ரிவர்பைக் கொஞ்சம் ஊற்றினால் நாலடி பின்னால் போவார். இன்னும் ஊற்றி, குரலின் கூர்மையையும் கொஞ்சம் மழுக்கினால் தெருக்கோடிக்கே போய்விடுவார். சும்மா ஊற்றிக்கொண்டே போனால் எல்லோரும் கிணற்றுக்குள் விழுந்துவிடுவார்கள். முன்னால் யார், பின்னால் யார், எவ்வளவு பின்னால் என்பதுதான் சூட்சுமம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இவரு எங்க நிக்கிறாரு?"

டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாடறவரு வாசப்படியில நிக்கிறாரு. தவில்காரரு மட்டும் ஏனுங்க பக்கத்தூட்டு மாடியில ஒக்காந்திருக்காரு?" என்பார். டீ போடுகிறவர் ஒன்றும் புரியாமல் வாசலை எட்டிப் பார்ப்பார்.

இந்த வியாதி செல்போனிலும் வேலை செய்தது. விளம்பரக் கம்பெனி ஆள் ஒருவர் அவருக்குத் தரவேண்டிய குரல் பதிவை அனுப்பாமல் இழுத்தடித்தார். ஒருநாள் ஜீப்பில் போகும்போது போன் வந்தது. "மேடம், ஏர்போர்ட்ல இருக்கேன், லைன்ல நிக்கிறேன், அப்புறம் பேசறேன்," என்கிறார் அவர். மேடம் ஒரு விநாடி உற்றுக் கேட்டார். "ஏர்போர்ட் இல்லீங்க சார். நீங்க டைல்ஸ் ஒட்டுன சின்ன பாத்ரூமுல நிக்கிறீங்க. கதவு சாத்தியிருக்குது. பக்கெட்டுல தண்ணி இல்ல." போன் கட்டாகிவிட்டது. அரைமணி நேரத்தில் குரல் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நானும் வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டே, "இந்தா வந்துட்டேனுங்க, நாகலூர் தாண்டிட்டேன்," என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

சரி, பலூன் எதற்கு? ஒவ்வொரு அறைக்கும் ஒரு பதில் உண்டு என்பார். அங்கே டப்பென்று ஒரு சத்தம் எழுப்பினால், சுவரும் கூரையும் தரையும் அதற்குத் தங்கள் தங்கள் வழியில் பதில் சொல்லும். அந்தப் பதிலை மைக் வைத்துப் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், பிறகு எந்தக் குரலை அதற்குள் விட்டாலும் அந்த அறையில் நின்று பாடியது போலவே கேட்கும். டப்பென்ற சத்தத்துக்குப் பலூனைவிட வசதியான சாமான் கிடையாது. ஒண்டிக்கடை ஃபேன்சி ஸ்டோர்க்காரர் மாதக்கணக்கில் பாக்கெட் பாக்கெட்டாகப் பலூன் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு மொத்தம் எத்தன கொழந்தைங்க?"

"கல்யாணமே ஆவலீங்க."

அவர் இன்னொரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

காலியாகக் கிடந்த ஒரு காப்பிக் குடோனில் முதல் பலூனை வெடித்தபோது, எஸ்டேட் வாட்ச்மேன் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எவன்டா அது துப்பாக்கி வச்சிருக்கிறவன்? மானையா சுட்டீங்க?" மேடம் ஊசியும் கையுமாக நின்றார். ஊசியையும் கிழிந்த மஞ்சள் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தார் வாட்ச்மேன். மேடம் அவருக்கு ஹெட்போனை மாட்டி, அவரையே மைக்கில் இரண்டு வரி பேசச் சொல்லி, அந்தக் குரலைக் குடோனுக்குள் விட்டுக் காட்டினார். வாட்ச்மேன் முகம் மாறியது. "அட சாமி! நானுங்களா இது? கலெக்டராட்டம் பேசறேன்!" அன்று சாயங்காலம் அவரே எங்களைத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போய், அங்கேயும் ஒன்று வெடிக்கச் சொன்னார். வெடித்துக் கேட்டால் ஒன்றுமே இல்லை, சட்டென்று அடங்கிவிட்டது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. "உங்க ஊட்டுல துணி, மெத்தை, ஆளு எல்லாம் நெறைய இருக்குதுங்க. வாழற ஊடு இப்படித்தான் இருக்கும்," என்று மேடம் சமாதானம் சொன்னார்.

ஆனால் நான் மறக்கவே முடியாதது காட்டெருமை விவகாரம்.

ஒரு மத்தியானம், பனி இறங்கியிருந்தது. எஸ்டேட் ரோட்டு வளைவில் ஒரு பாலம். அதன் அடியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, ஊதிய பலூனோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் ஜீப்பில் சாய்ந்து நின்றேன். பனி கொஞ்சம் விலகியது. அவருக்கு இருபதடி முன்னால், வலது பக்க மேட்டில், அவ்வளவு பெரிய காட்டெருமை. "மேடம்! எருமை! திரும்பி வாங்க, இக்கட்டால, இந்தப் பக்கம் வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், சுற்றி ஒரு வட்டம் அடித்தார். பிறகு என் குரல் வரும் திசை என்று நினைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக நேராக எருமையைப் பார்த்துப் போனார்!

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எருமைக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். இத்தனை வயதில் ஒரு மனுஷி தன்னை நோக்கிச் சிவப்புப் பலூனோடு ஓடிவருவதை அது பார்த்திருக்காது. பத்தடியில் மேடம் அதைப் பார்த்தார். பயத்தில் பலூனை நெஞ்சோடு சேர்த்து அணைத்தார். டமார். எருமை ஒரு துள்ளுத் துள்ளிக் காப்பிச் செடிக்குள் பாய்ந்து போயே போய்விட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மேடம் ரோட்டில் உட்கார்ந்து தோள் குலுங்கிக்கொண்டிருக்கிறார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "பாலத்தடியில வெடிக்க வேண்டியது போச்சே," என்கிறார். எனக்கும் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், நான் கத்துனது காதுல உழுந்துச்சுல்ல? அப்புறம் ஏன் அங்க போனீங்க?"

"உழுந்துச்சுங்க. நீங்க முப்பதடி தூரத்துல நிக்கிறீங்கன்னும் தெரிஞ்சுது. எந்தப் பக்கம்னுதான் தெரியல." இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இது வேல செய்யாதுங்க. ஒரு நாள் காலையில எந்திரிச்சேன், காணோம். எங்க போச்சுன்னு டாக்டருக்கும் தெரியல. எடது வலது தெரியணும்னா ரெண்டு காது வேணும். கிட்டயா தூரமான்னு தெரியறதுக்கு ஒத்தக் காது போதும்."

சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். காது போனதை மறைக்காமல் சொன்னாராம். அடுத்த வாரத்திலிருந்து போன் அடிக்கவில்லையாம். விளம்பரம், பக்திப் பாட்டு என்று கிடைத்த சில்லறை வேலைகளை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். இதையெல்லாம் பஸ் தவறவிட்ட கதை சொல்வது போலச் சொன்னார். அப்புறம் திடீரென்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க டிரைவரு. லெஃப்ட்டு ரைட்டு தெரியுமுல்ல?"

"என்னங்க மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!"

அப்படித்தான் நான் அவருடைய இடது காது ஆனேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தியானம், சவாரி இல்லாத நேரத்தில், கம்பளி தொங்கவிட்ட அவருடைய அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். "புல்லாங்குழல்?" என்பார். "லெஃப்ட்டுல, அம்பாசிடர் மாதிரி ஓரமாப் போவுதுங்க." "கஞ்சிரா?" "ரைட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஒடிங்க, ஒடிங்க, போதும் போதும்." ரிவர்ஸ் எடுக்க வழி சொல்வது போலத்தான் சொல்ல வரும். அவர் ஒரு நாளும் அதைத் திருத்தவில்லை.

இனிமேல்தான் என் குடும்பம் இதற்குள் வருகிறது.

என் மனைவி எஸ்தர் சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறாள். அவளுடைய அக்கா ரூத்தும் அதே குழுதான். என் மாமனார் ஒரு காப்பி எஸ்டேட்டில் பல்ப்பர் கொட்டகையில், அதாவது பழத்தின் தோலை உரிக்கும் மெஷின் இருக்கும் இடத்தில், மேஸ்திரியாக இருந்தவர். அவராகவே மெட்டுப் போட்ட கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று உண்டு. எழுதி வைக்கவில்லை. முதல் குரலை எஸ்தருக்கும், அதற்குக் கீழே ஓடும் இரண்டாம் குரலை ரூத்துக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அவளிடம் பாதி, இவளிடம் பாதி. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு கிறிஸ்துமஸில், குழு முழுவதும் நின்றிருக்கையில் எஸ்தர், "அக்கா, நீ சுருதி எறங்கற," என்று சொல்லிவிட்டாள். "எனக்குச் சொல்றதுக்கு நீ யாருடீ? அப்பா சொல்லிக் குடுக்கும்போது நீ மூக்க ஒழுக்கிட்டு நின்ன," என்றாள் ரூத். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சில்லை. குழுவில் இடது கோடியில் ஒருத்தி, வலது கோடியில் ஒருத்தி, நடுவில் ஏழு பேர். பலாப்பழமும் பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டரும் என் ஜீப்பில்தான் அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போய் வந்தன.

நான் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு மேடத்தையும் அழைத்துவிட்டேன். அது என் தப்பு. பாஸ்டர், "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். சர்ச்சில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்படி ஒரு அமைதி மேடத்துக்கு எங்கே கிடைக்கும்? மூன்றாவது பெஞ்சிலிருந்து பட்டென்று ஒரு கைதட்டு. இருநூறு தலை திரும்பியது. மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. மேடம் எழுந்து நின்று, "ஆட்சேபணை ஏதும் இல்லீங்க பாஸ்டர். சத்தம் எத்தன நேரம் நிக்குதுன்னு பாத்தேன். மன்னிச்சுக்குங்க," என்றார். சாப்பாட்டுப் பந்தியில் பாஸ்டர் தேடிக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் இலைக்குள் குனிந்துகொண்டேன். அவர் மேடத்திடம் மெதுவாக, "எத்தன நேரமுங்க நின்னுச்சு?" என்றார்.

அந்தக் கேள்வியில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸுக்குள் குழுவின் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் போட்டுத்தருவது என்று முடிந்தது. மாமனாரின் பாட்டும் அதில் இருந்தே ஆகவேண்டும் என்றார் பாஸ்டர். அக்காளும் தங்கையும் தனித்தனியாகச் சம்மதித்தார்கள், ஒரே நிபந்தனையோடு. அவள் இருக்கும்போது நான் வரமாட்டேன்.

"அட, நமக்கு அதுதான தொழிலு," என்றார் மேடம். செவ்வாய்க்கிழமை ரூத் வந்து பாடினாள். வியாழக்கிழமை எஸ்தர். மேடம் இரண்டையும் சேர்த்தார். நான் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "ரூத் அக்கா லெஃப்ட்டு, எஸ்தரு ரைட்டுங்க," என்றேன்.

"எப்படி இருக்குது?"

"சர்ச்சுல நிக்கிற மாதிரியே இருக்குதுங்க."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சர்ச்சின் ரிவர்பைப் போட்டார், குடோனைப் போட்டார், நாங்கள் சுற்றிச் சுற்றிச் சேர்த்த அத்தனை இடங்களையும் போட்டார். எதிலும் அந்த இரண்டு குரலும் ஒரே கூரையின் கீழ் வரவில்லை. ஒருத்தி பஸ் ஸ்டாண்டில், ஒருத்தி சமையலறையில். பத்து நாள் இப்படியே போயிற்று. முதல் தடவையாக அவர் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்தேன். "சினிமாக்காரங்க சொன்னது சரிதானோ என்னமோ. ஒத்தக் காத வச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் எஸ்தரிடம், இந்தப் பாட்டை முதலில் எங்கே வைத்துப் பாடினீர்கள் என்று கேட்டேன். "வேற எங்க? அப்பா வேல செஞ்ச பல்ப்பர் கொட்டகையில," என்றாள்.

மறுநாள் காலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சாவி வாங்கிக்கொண்டு போனோம். சீசன் இல்லாததால் கொட்டகை காலி. சிமெண்ட் சுவர், தகரக் கூரை, ஓரமாக மெஷின், காப்பிக்கொட்டையை ஊறப்போட்டுக் கழுவும் பெரிய சிமெண்ட் தொட்டிகள். மேடம் வாசலில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த விநாடியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை பெய்தால் பலூன் இல்லை, வெடிகுண்டு போட்டாலும் கேட்காது. காத்திருந்தோம். ஏழு பலூன் கொண்டுபோயிருந்தோம். இரண்டு வரும் வழியிலேயே செடிக் குச்சியில் குத்தி வெடித்துவிட்டன. ஒன்றை நான் ஊதியே உடைத்தேன். மழை விட்டது என்று நினைத்து வெடித்த மூன்றும் கூரைச் சொட்டில் கெட்டுப்போயின. கடைசியில் மழை நிஜமாகவே நின்றபோது கையில் ஒரு பச்சைப் பலூன் மட்டும்.

"அவங்க எங்க நின்னு பாடுனாங்கன்னு கேளுங்க," என்றார்.

எஸ்தருக்குப் போன் போட்டேன். "நான் நடுத் தொட்டிக்குள்ள நிப்பேன். அவ கதவுகிட்ட நிப்பா," என்றாள். ரூத்துக்குப் போட்டேன். "தொட்டிக்குள்ள நின்னது நானு. அவ எங்க நின்னா? வெளிய எங்கியோ நின்னுட்டிருந்தா," என்றாள். போனை வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தேன். ஒரே பலூன். இரண்டு பேரும் தான்தான் தொட்டியில் நின்றதாகச் சொல்கிறார்கள்.

மேடம் அதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "கேக்கறவரு எங்க நின்னாரு?"

பிள்ளைகள் பாடியதைக் கேட்டவர் என் மாமனார். அவர் வேலை செய்தது மெஷின் பக்கம். அங்கே அவர் காது இருந்திருக்கக்கூடிய உயரத்தில் மேடம் மைக்கை நிறுத்தினார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத் தொட்டிக்குள் இறங்கினார். "கண்ணு, நீ ஒருத்தன்தான் இருக்கற. ஏமாத்திராத சாமி," என்று பலூனிடம் சொல்லிவிட்டு ஊசியால் குத்தினார். டப். அந்தச் சத்தம் தொட்டிச் சுவரில் பட்டு, தகரத்துக்கு ஏறி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் குழு முழுவதும் மேடத்தின் அறைக்குக் கேட்க வந்தது. ஒருத்தி ஜன்னலோரம், ஒருத்தி கதவோரம். நடுவில் வழக்கமான ஏழு பேர். பாஸ்டர் மோடாவில். மற்ற பாட்டுகளுக்கெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள். மாமனார் பாட்டு ஆரம்பித்தது.

அதில் லெஃப்ட் இல்லை, ரைட் இல்லை. இரண்டு குரலையும் ஒட்டி ஒட்டி நடுவில் வைத்திருந்தார். இரண்டுக்கும் ஒரே தூரம், ஒரே ஈரம், தொட்டிக்குள்ளிருந்து எழும் அதே முனகல். இரண்டாவது அடி பாதியில் இருக்கும்போது யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். மேடம் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"எந்தப் பக்கமுங்க அழுவறாங்க?"

"ரெண்டு பக்கமுமுங்க மேடம்."

பாட்டு முடிந்தது. கதவோரத்திலிருந்து எஸ்தர் சொன்னாள், "பல்ப்பர் கொட்டகை."

"நடுத் தொட்டி," என்றாள் ரூத், ஜன்னலோரத்திலிருந்து. அறையைப் பார்த்துச் சொன்னதுதான், ஆனாலும் இரண்டு வருடத்தில் முதல் பதில். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. "ஆனா இவ எப்படித் தொட்டிக்குள்ள வந்தா? இவ அதுல நிக்கவே இல்ல!"

"நின்னேன்!"

"எப்படிடீ நிப்ப? உன்ற ஒசரத்துக்கு அந்தத் தொட்டியில ஏறவே முடியாது."

"நீதான தூக்கி உட்ட! கக்கத்துல கை குடுத்துத் தூக்கி உள்ள எறக்கி உட்டுப்போட்டு, அப்புறம் நீயும் குதிச்ச. என்ற கால் மேலயே குதிச்ச! நகம் பேந்துபோச்சு. அப்பா மெஷின நிறுத்திட்டு ஓடிவந்தாரு."

ரூத் எட்டித் தங்கையின் காலைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "ஆமாடீ. காப்பித்தண்ணில ரத்தம்." அவ்வளவுதான் தெரியும். நடுவில் இருந்த ஏழு பேரும் வழிவிட்டார்களா, தள்ளப்பட்டார்களா தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி அடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் எழுப்பினார்கள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு மேடத்துக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலத்தைக் கடைசியாகச் சொல்லத்தான் எனக்கு ஆசை. அந்தப் பாட்டு போன் போனாக மலை முழுக்கப் போயிற்று. கீழேயிருந்து இரண்டு மூன்று சர்ச்சுகள், மலைக்கிராமத்துக் கோயில் பாட்டுக் குழு ஒன்று, பிறகு சென்னையிலிருந்தே ஓர் இசையமைப்பாளர் என்று ஆட்கள் அவரைத் தேடிவந்தார்கள். ஒத்தக் காதைப் பற்றி எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சென்னைக்கே போய்விட்டார், வேலை அவ்வளவு. இப்போது அங்கே அவருக்கு லெஃப்ட் ரைட் சொல்வது ஓர் ஆட்டோக்காரராம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் என் வண்டியில் ஏறினார்கள். மேடத்துக்கு ஒண்டிக்கடையில் ஏதோ வாங்கவேண்டியிருந்தது, முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அக்காளும் தங்கையும். முதலில் எங்கள் வீடு. வாசலில் நிறுத்தினேன். எஸ்தர் இறங்கவில்லை. "அக்காவ உட்டுட்டு வந்தரலாம்," என்றாள். நாகலூர் போனேன். ரூத் வீட்டு வாசலில் நிறுத்தினால் அவள் இறங்கவில்லை. "இவ தனியாப் போவாளா, நானும் வந்து உட்டுட்டு வரேன்," என்றாள். பக்கத்தில் புருஷன் நான் ஒருவன் இருக்கிறேன் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. திரும்ப எங்கள் வீடு. திரும்ப நாகலூர். அந்த நகம், அந்தத் தொட்டி, அப்பாவின் ஸ்வெட்டர், யார் வீட்டு மாமி எதைச் சொன்னாள் என்று இரண்டு வருடத்துப் பேச்சு பின்சீட்டில் கொட்டிக்கொண்டே வந்தது. மேடம் கடைக்குப் போகவேண்டும் என்பதையே மறந்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை எங்கள் வீட்டு வாசலில் வந்து எஞ்சினை அணைத்துவிட்டேன். "இப்ப யாரத்தான் கொண்டுபோய் எங்க எறக்கி உடறது?" என்றேன்.

பின்சீட்டிலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

"நீங்க ஓட்டுங்க!"